நூற்று இருபத்தொன்பதாவது தட்டல்

விர்ட்சு துறைமுகம், ஜூன் இருபத்திரண்டு.
இரவு பதினோரு மணிக்கும் வானம் அணைய மறுக்கிறது.
நாளை தீவில் நெருப்பு மூட்டப் போகிறவர்களின் கார்கள்
பைன் மரங்கள் முடியும் இடம்வரை நிற்கின்றன.

டிக்கெட் சர்வர் விழுந்துவிட்டது என்று
ஆளாளுக்குச் சொல்கிறார்கள்.
விழவில்லை.
பிராசசர் சும்மா இருக்கிறது, நினைவகம் பாதி காலி.
கறுப்புத் திரையில் ஒரே ஓர் எண் மட்டும்
ஏறிக்கொண்டே போகிறது:
திருப்பி அனுப்பப்பட்டவர்கள்.
திருப்பி அனுப்பவும் இல்லை, சரியாகச் சொன்னால்;
காதில் போட்டுக்கொள்ளப்படாதவர்கள்.

கெர்னலின் அமைப்புகள் கோப்புகள் போலத் தெரியும்.
வட்டில் தேடினால் கிடைக்காது;
திறக்கும்போது மட்டும் இருப்பவை.
அதில் ஒன்றைத் திறந்து கேட்டேன்:
வாசலில் எத்தனை பேர் நிற்கலாம்?
128 என்றது.
யார் வைத்தது, எந்த ஆண்டு, எதற்கு,
ஒன்றும் சொல்லவில்லை.
நூற்று இருபத்தொன்பதாவது ஆளுக்கு
இல்லை என்ற சொல்கூடக் கிடையாது.
தட்டுவார்.
தட்டியதே நடக்காத மாதிரி இருக்கும்.

வெளியே, ஆரஞ்சுச் சட்டை போட்ட வெல்லோ
ஒவ்வொரு கார் ஜன்னலிலும் குனிந்து
"இன்னும் ரெண்டே கப்பல்" என்கிறான்.
பொய்தான்.
ஆனால் முகத்தைப் பார்த்துச் சொல்கிறான்.

எண்ணை மாற்றும் வரியைத் தட்டினேன்.
அனுமதி மறுக்கப்பட்டது.
ரூட்டாகி, மறுபடியும்.
4096.
ஓடுகிற வண்டியில் அச்சாணி மாற்றிய மாதிரி,
ஒரு குலுங்கல் இல்லை.
ஒரு பலனும் இல்லை.
ஏறுகிற எண் ஏறிக்கொண்டே இருந்தது.

ஐந்து நிமிடம் கெர்னலைத் திட்டினேன், பாவம்.
அப்புறம்தான் உறைத்தது:
வாசல் அகலமானதை
உள்ளே இருப்பவனுக்கு யாரும் சொல்லவில்லை.
காலையில் கண் விழித்தபோது படித்த எண்ணையே
டிக்கெட் நிரல் இன்னும் வேதவாக்காகப்
பிடித்துக்கொண்டிருக்கிறது.
அதை எழுப்ப வேண்டுமென்றால்
முதலில் கொல்ல வேண்டும்.

கொன்றேன். மூன்று நொடி.
அந்த மூன்று நொடியில் மூச்சு விட்டேனா, ஞாபகமில்லை.

எண் நின்றது.

வரிசையில் அங்கங்கே கைபேசி வெளிச்சம்.
வெல்லோ கட்டைவிரலை உயர்த்தினான்.
நாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
ஒரு பெண் கூண்டின் கண்ணாடியைத் தட்டினாள்:
"டிக்கெட் வந்துடுச்சு. கப்பல் எப்போ?"

கப்பல் நூற்றைம்பது கார்தான் கொள்ளும்.
அதை மாற்றும் வரி என்னிடம் இல்லை.
நிற்க இடம் கொடுத்தேன், அவ்வளவுதான்.
அவளிடம் நானும் சொன்னேன்:
இன்னும் ரெண்டே கப்பல்.

இதுவரை மாற்றியது நினைவில் மட்டும்.
மின்சாரம் ஒருமுறை கண் சிமிட்டினால்
மீண்டும் 128.
ஆகவே கோப்பிலும் எழுதினேன்.
அதற்கு மேலே, இயந்திரம் படிக்காத வரியில்,
அடுத்து இந்த நாற்காலிக்கு வருபவருக்கு:

இந்த எண்ணில் மந்திரம் எதுவும் இல்லை.
போதாமல் போனால் உடனே ஏற்றாதே.
முதலில் வெளியே போய் வரிசையைப் பார்.