ஊசித்துளை

பேருந்தின் நெற்றியில் பெஸ்தாரி ஜெயா.
ஓட்டுநர் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை.
எந்தப் பெயரில் இறங்கினாலும் அதே முச்சந்தி,
செம்பனைக் குலை ஏற்றிய லோரி சிந்திவிட்டுப் போன
நாலைந்து சிவப்புப் பழம்,
துணிக்கடை, அதன் மாடியில்
ஒன்பது நாற்காலி, ஒன்பது டயாலிசிஸ் இயந்திரம்.

சட்டையில் குத்திய பட்டையில்
இடம் போதாமல் என் பெயர்
'புவனலோச' என்று நின்றுவிட்டது.
மாற்றித் தருகிறோம் என்றார்கள்.
அவசரமில்லை என்றேன்.

ஐந்நூறு மில்லி. எட்டு மணி நேரம்.
மில்லிக்கு இருபது துளி.
நிமிடத்துக்கு எத்தனை துளி?
மணியை நிமிடமாக்க மறந்து
ஆயிரத்து இருநூற்றைம்பது என்று எழுதினேன்.
ஒரு மனிதக் கைக்குள் அருவி.
எழுதிவிட்டு, கூச்சமில்லாமல்,
அடுத்த கேள்விக்குப் போயிருக்கிறேன்.

இரண்டாம் முறை கணக்கெல்லாம் சரி.
வேறெதிலோ போயிற்று.
எதில் என்று கடிதத்தில் இல்லை.

'ரிசால்ட் இன்னும் வரல' என்று
எதிர்வீட்டில் அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள்.
ஒருநாள் எதிர்வீட்டுக்காரி
கேட்பதை நிறுத்திக்கொண்டாள்.
அன்றைக்குத்தான் அழுதேன்.

பிறகு கையுறை ஆலை. ஆறு வருடம், பெரும்பாலும் இரவு.
ஒவ்வொரு கையுறையிலும் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி
இரண்டு நிமிடம் தொங்கவிட வேண்டும்.
கனத்துத் தொங்கும் உடம்பில்லாத கைகள்.
விரல் நுனியில் எங்காவது
ஒரு முத்து அரும்பினால்
அந்தப் பெட்டி மொத்தமும் தனியே போகும்.
துளை கண்ணுக்குத் தெரியாது.
தண்ணீருக்குத்தான் தெரியும்.

அந்த இரண்டு நிமிடங்களில்
வேறு வேலை இல்லாததால்
பத்தாயிரத்தை எட்டால் வகுத்தேன்,
அறுபதால் வகுத்தேன்.
இருபத்தொன்று. இருபத்தொன்று.
கேட்பதற்கு ஆளில்லாத இடத்தில்
விடை சரியாகவே வந்தது.

மூன்றாம் முறை எழுதப் போனபோது
யாரிடமும் சொல்லவில்லை, அம்மாவிடமும்.
காய்ச்சல் என்று ஆலையில் லீவு கேட்டேன்.
பொய் இல்லை அது, உடம்பு சுட்டது.

இன்று முதல் நாள்.
பெட்டியிலிருந்து கையுறையை உருவி
வெளிச்சத்தில் பிடித்து ஊதிப் பார்த்தேன்.
நூருல் ஐன் சிரித்தாள்.
அவள்தான் இங்கே மூத்தவள், இருபத்தாறு வயது.
முப்பத்திரண்டு வயதுப் புதியவளை
கக் என்று கூப்பிடுகிறாள்.
பெட்டியில் எங்கள் ஆலையின் பெயர் இல்லை.
வேறு யாரோ விழித்திருந்த இரவு.

நான்காம் நாற்காலி, சின்னப்பையன்.
வயது எழுபத்தொன்று.
படிவத்தில் பெயரையும் வயதையும்
இரண்டு முறை பார்த்தேன்.
எடை மூன்று கிலோ கூடுதல்.
'தண்ணியே குடிக்கலம்மா' என்றார்,
மீசையில் தே தாரிக் நுரை காய்ந்திருக்க.
எழுதிக்கொண்டேன், எடையை மட்டும்.

நான்கு மணி நேரம் கழித்து
நூருல் ஐன் ஊசியை உருவினாள்.
பஞ்சை வைத்து நான் அழுத்தினேன்.
'ஜாங்கான் லெப்பாஸ், கக்.'
விட்டுவிடாதே என்கிறாள். பத்து நிமிடம்.

விரலுக்கடியில் அவர் ரத்தம்
மின்சாரக் கம்பிபோல் ரீங்கரித்தது.
புத்தகத்தில் இதற்கு ஒரு சொல் உண்டு.
இரண்டு முறை அதைச் சரியாகவே எழுதியிருக்கிறேன்.
தொட்டதில்லை.

'புதுசாம்மா?'
ஆமாங்க.
'நானும்தான். போன மாசம்.'

பத்து நிமிடம் ஆயிற்று.
பஞ்சை மெல்லத் தூக்கினேன்.
துளையில் ஒரு முத்து அரும்பியது.
மறுபடி விரலை வைத்தேன்.

'மகன் லோரி நாலரைக்குத்தான் வரும்,
அழுத்தும்மா' என்றார் சின்னப்பையன்,
கண்ணை மூடிக்கொண்டு.