பின்பலகையில் ஒரு பூச்சியம்

கேட்கிறவர்களுக்கு ஆளுக்கொரு பதில் வைத்திருக்கிறேன்.
மானிப்பாயில் கேட்டால், பள்ளிக்கூடம் லீவு.
நெல்லியடியில் கேட்டால், காய்ச்சல் விட்டு இரண்டு நாள்.
உண்மை இதுதான்:
கழுத்துப்பட்டி கட்டக் கட்ட
காலை ஆறரைக்கு, ஒவ்வொரு நாளும்,
கிணற்றடியில் குனிந்து நின்று சத்தி எடுத்தாள் அபிசா.
ஏன் என்று சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.
மூன்றாம் தவணை தொடங்கிய கிழமை
பட்டாவின் முன்சீற்றில்
எங்கள் இருவருக்கும் நடுவில் ஏற்றிக்கொண்டோம்.

பின்னால் வாளி, பேசின், கதிரை, ஊத்தை உடுப்புக் கூடை.
கூரையில் ஸ்பீக்கர்.
அதற்குள் பதிந்து வைத்த என் குரல்:
மூண்டு வாளி ஆயிரம், ஓடி வாங்கோ, ஓடி வாங்கோ.
"அம்மா, வாயே திறக்காமல் இண்டைக்கு
நானூற்றிப் பன்னிரண்டு தரம் கத்திப்போட்டியள்."
அன்றைய கணக்குப் பாடம் அதோடு முடிந்தது.

பாடத்திட்டம் என்று ஒன்று முதலில் நானும் எழுதினேன்,
சி.ஆர். கொப்பி வாங்கி, சிவப்பில் கோடு போட்டு.
பண்ணைப் பாலத்தில் காற்று அதைப் பறித்துக்கொண்டு போனது.
இடுப்பளவு தண்ணீரில் களங்கட்டிக்குத் தடி நட்டுக்கொண்டிருந்த பெடியன்
எட்டிப் பிடித்துக் கொண்டுவந்து தந்தான்.
திங்கள் முதல் புதன் வரை ஊறிப்போயிருந்தது.
அபிசா கொப்பியைப் பார்க்கவில்லை.
"தடியை ஏன் வளைச்சு வளைச்சு நடுறியள்?"
"மீனுக்குத் திரும்பத் தெரியும், தங்கச்சி.
திரும்பிற பக்கமும் வலையாய் இருக்கவேணும்."
ஊர்காவற்றுறை மட்டும் அவள் ஒன்றும் பேசவில்லை.

சிங்களம், வீதிப் பலகைகளில்.
யாழ்ப்பாணத்துக்கு மேலே யாபனய என்று இருந்ததை
எழுத்துக்கூட்டி முடிக்கையில் கைதடி வந்துவிட்டது.
எனக்கு அந்த எழுத்துத் தெரியாது.
நாற்பது வருடம் கீழே உள்ள வரியை மட்டும் வாசித்திருக்கிறேன்.
இப்போது வட்டமும் சுழியும்
பிள்ளை காட்டக் காட்ட எனக்கும் கொஞ்சம் பிடிபடுகிறது.

ஆனையிறவில் உப்பு. அது நக்கிப் பார்த்தே முடிந்தது.

கண்டி வீதிக் கல்லுகள் கண்டியில் இருந்து எண்ணி வருகின்றன.
"எங்கட வீட்டில இருந்து ஏன் எண்ணேல்லை?"
பிரதீபன் கியர் மாற்றிக்கொண்டே சொன்னார்,
"வாடகை வீடு, பிள்ளை. கல்லு நட விடமாட்டினம்."
அன்று பின்னேரம் கொடிகாமம் சந்தைக்கு வெளியே
சோக்கட்டி எடுத்து
பட்டாவின் பின்பலகையில் ஒரு பெரிய பூச்சியம் போட்டாள்.
நாங்கள் நிற்கிற இடத்தில் இருந்துதான் இனி எண்ணுவதாம்.
மழை அழிக்கும். திரும்பப் போடுவாள்.
வாளி வாங்க வருகிற பெண்கள்
அதை விலை என்று நினைத்துச் சிரிக்கிறார்கள்.

சீற்றுக்கு அடியில், ஜக்கோடு ஜக்காக,
பிரதேச செயலகக் கடிதம் கிடக்கிறது.
தை மாதம் ஒன்பதாம் திகதி, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு.
புலமைப்பரிசில் வருடம் என்று
அடியில் கோடு போட்டிருக்கிறார்கள்.
அவளுக்குத் தெரியாது என்றுதான் நினைக்கிறோம்.
ஆனால் ஜக்கை எடுத்துக் கொடுப்பது எப்போதும் அவள்தான்.

நேற்று, சாவகச்சேரி, ஒன்றரை மணி.
பள்ளிக்கூடம் விட்டது.
வெள்ளைக் கோட்டில் பிள்ளைகள் கடக்க, நாங்கள் நின்றோம்.
என் குரல் மட்டும் நிற்காமல்
ஓடி வாங்கோ, ஓடி வாங்கோ என்றது.
இரண்டு பெடியங்கள் உண்மையாகவே ஓடினார்கள்.
அபிசா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.
அவள் கை கழுத்தடிக்குப் போய்
அங்கே ஒன்றும் இல்லாமல் திரும்பி வந்தது.
"அப்பா, இப்ப லீவு அவையளுக்கோ, எனக்கோ?"
பிரதீபன் ஸ்பீக்கரை நிற்பாட்டினார்.

வண்டி எடுத்த பிறகு பக்கக் கண்ணாடியில் பார்த்தேன்.
கடைசியாய்க் கடந்த பிள்ளை, ரெட்டைப் பின்னல், ஒரு ரிபன் அவிழ்ந்தபடி,
வீதிக் கரையில் நின்று
எங்கள் பூச்சியத்தை விரலால்
காற்றில் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தது.
மற்றக் கையில் தண்ணீர்ப் போத்தல்.

அபிசா முன்னால் வருகிற கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
நான் சொல்லவில்லை.