எட்டு மணி நான்கு நிமிடம்

இறந்தவர் பெயரைச்
சிவப்பு மையால் அடிக்கச் சொல்கிறது விதி.
அளவுகோல் வைத்து அடித்தேன்:
லூசியன் பெல்ஃப்ளோர், மில் சாலை, பதினேழு.
முப்பத்தொரு வருடமாக
வாக்காளர் பட்டியலில் என் பெயருக்கு நேர் மேலே இருந்தவர்.
நவம்பரில் ஜெயித்தார். டிசம்பரில் பதவியேற்றார்.
உறைந்த ஏரியில் துளையிட்டு
மீன் பிடிக்கப் போன ஞாயிற்றுக்கிழமை
தூண்டிலைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்,
மீன் இழுத்த பிறகும்.

அகஸ்டாவில் அவர் மேசைமேல்
ஒரு வாரம் வெள்ளைப் பூ வைத்தார்களாம்.
பிறகு பூவையும் எடுத்துவிட்டார்கள்.
பள்ளி நிதி மசோதா வாக்கெடுப்புக்கு வந்த அன்று
மின்பலகையில் அவர் இடத்தில்
பச்சையுமில்லை, சிவப்புமில்லை.
நாங்கள் நான்கு ஊர்க்காரர்கள்
அணைந்து கிடந்த ஒரு சிறு விளக்கு.

ஆளுநரின் அறிவிப்பு வந்தது:
மார்ச் மாதம், சிறப்பு இடைத்தேர்தல்.
'சிறப்பு' என்ற சொல்லுக்கு நான் சிரித்தேன்.
மடக்கு மேசை நாலு,
புகையும் எண்ணெய் அடுப்பு ஒன்று,
கயிற்றில் கட்டிய பேனாக்கள்.
பாதிப் பேருக்குத் தேர்தல் என்றே தெரியாது,
மீதிப் பேர் அதான் நவம்பரில் போட்டாச்சே என்றார்கள்.

நின்றவர்கள் இருவர்.
கொரின் டூபே, பல் மருத்துவரிடம் கணக்கெழுதுபவள்.
டெல்மர் ஹாஸ்கின்ஸ், ஊரின் பனி வாரும் வண்டியை ஓட்டுபவர்.
முந்தின இரவு பதினான்கு அங்குலம் கொட்டியது.
தள்ளிவைக்க முடியுமா என்று தலைநகருக்குப் போன் செய்தேன்.
தேதி தேதிதான் என்றார்கள்.

மாற்று ஓட்டுநருக்கு முதுகுவலி.
வேட்பாளரே விடியற்காலை மூன்று மணிக்கு
வண்டியை எடுத்தார்.
மில் சாலை, ஆஸ்பத்திரிச் சாலை, பாலம்,
மறுபடியும் மில் சாலை.
இருட்டிய பிறகு பேயர்ஸ் மேடு.
மேட்டுக்காரர்கள் கொரின் பக்கம்,
ஊருக்கே தெரியும், அவருக்கும் தெரியும்.
அவள் பெயர்ப் பலகைகள் புதையாதபடி
ஒவ்வொரு வாசலிலும்
இரும்புக் கத்தியைத் தூக்கித் திருப்பினாராம்.

இரண்டு மணிக்கு லூசியனின் மனைவி வந்தாள்.
தன் பெயரைத் தேடியவள்
சிவப்புக் கோட்டின் மேல் விரலை ஓட்டினாள்.
"நேராக அடித்திருக்கிறாய்" என்றாள்.
"அவர் ஒன்றையும் நேராக அடித்ததில்லை,
வேலி ஆணியைக்கூட."
சீட்டை வாங்கிக்கொண்டு திரைக்குள் போனாள்.
வெகு நேரம் வெளியே வரவில்லை.
இரண்டே பெயர்தான் இருந்தது.

ஏழு மணிக்கு மேல் மேட்டிலிருந்து
பதினோரு பேர், பூட்ஸை உதறிக்கொண்டு,
சாலை எவ்வளவு சுத்தம் என்று வியந்துகொண்டு.

எட்டுக்குக் கதவை மூடினேன்.
மூடிவிட்டதாக உரக்கச் சொல்லவும் வேண்டும், சொன்னேன்.
எட்டு நான்குக்குக் கண்ணாடிக்கு வெளியே
மஞ்சள் விளக்கு சுழன்று நின்றது.
டெல்மர் இறங்கி வந்தார், புருவத்தில் பனி.
என்னைப் பார்க்கவில்லை,
எனக்குப் பின்னால் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.
"காற்று மறுபடி மூடிருச்சு, மேட்டை" என்றார்.
நான் எதுவும் சொல்லவில்லை.
"சரி" என்றார்.
எண்ணெய் அடுப்பு மட்டும் சடசடத்தது.

நான்கு ஊர்களையும் கூட்டினால்
கொரின் அறுநூற்றுப் பதினொன்று,
டெல்மர் அறுநூற்று எட்டு.

ஆகவே அந்த ஒரு ஓட்டு
எதையும் மாற்றியிருக்காது.
வீட்டுக்குப் போகும் வழியெல்லாம்
இதைச் சொல்லிக்கொண்டே போனேன்.
அந்தப் பதினோரு பேர்
யாருக்குப் போட்டார்கள் என்பது ரகசியம்.
நான் எண்ணக் கூடாது.
எண்ணுகிறேன்.

கொரின் நன்றாகத்தான் செய்கிறாள்.
பலகையில் எங்கள் விளக்கு எரிகிறது,
சில நாள் எனக்குப் பிடித்த நிறத்தில்.
நேற்று மறுபடியும் பனி. மூன்றரை மணிக்கு
இரும்பு சாலையை உரசிக்கொண்டு போகும் சத்தம்,
என் வாசலில் ஒரு கணம் தூக்கி,
மறுபடி இறங்கி.

இருக்கை நிரம்பிவிட்டது.
பட்டியலில் ஹாஸ்கின்ஸ், டெல்மருக்கு எதிரே
கட்டம் காலி.
அதை அப்படியே விட்டு
கீழே கையெழுத்துப் போட்டவள் நான்.