நீலச் சாயம்

நவம்பர் பிறந்தால் கடாக்களின் மார்பில்
சாயக்கட்டி வைத்த வாரைக் கட்டுவான் ஹார்மென்.
எந்தப் பெட்டை பொலிந்தது, யாரால் என்று
பின்முதுகின் நிறம் சொல்லிவிடும்.
பழைய கடாவுக்குச் சிவப்பு.
நானூற்றைம்பது யூரோ கொடுத்து வாங்கிய
புதியதற்கு நீலம்.

மூன்று வாரம் கழித்து
கடலணைச் சரிவில் மந்தை இறங்கி வந்தது.
அறுபத்திரண்டு பெட்டை.
அத்தனையும் சிவப்பு.
ஹார்மென் மறுபடி எண்ணினான்.
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை.
கடைசியாக வந்தது பழைய கடா,
ஒன்றும் நடவாதது போல அசைபோட்டபடி,
வால் முதல் தோள் வரை
நீலம்.

நான் சிரித்துவிட்டேன்.
அவன் சிரிக்க ஐந்து நிமிடம் ஆயிற்று.

இரவு பட்டாணிச் சூப்புக்கு முன்னால்
கால்நடைக் கல்லூரியில் படித்ததைச் சொன்னான்.
நூறு கடாவில் ஏழெட்டு இப்படித்தானாம்.
குட்டியே போடாத குணம்
இத்தனை தலைமுறை தாண்டி எப்படி வந்தது?
அதே ரத்தம் அக்காள் தங்கைகளுக்கு
இரட்டை ஈற்றைத் தருகிறதோ என்னவோ, இருக்கலாம்.
சண்டை குறைய உதவுகிறதோ, இருக்கலாம்.
ஒன்றுக்கும் உதவாமல் சும்மாவே வருகிறதோ,
அதுவும் இருக்கலாம்.
ரொட்டியைப் பிய்த்தபடி
எத்தனை இருக்கலாம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

என் வேலை நகரத்து ஆவணக் காப்பகத்தில்.
இந்த மாதம் என் மேசையில்
ஆயிரத்து எழுநூற்று முப்பத்தொன்றின் கட்டு ஒன்று.
ஈப்ப, மாவு ஆலைக் கூலி, வயது இருபத்திரண்டு.
யெல்டர்ட், படகுக்காரன், அவனைவிட ஒரு வயது மூத்தவன்.
குற்றத்துக்குப் பெயர் எழுதவில்லை.
சொன்னால் நாக்கு அழுகுமாம்.
'இயற்கைக்கு விரோதமாய்' என்று மட்டும் ஒரு வரி.
அதற்கப்புறம் இரண்டு பேரையும்
அஃறிணையாக்கிவிட்டான் எழுத்தன்:
இழுத்துவரப்பட்டது. நெரிக்கப்பட்டது. எரிக்கப்பட்டது.

விறகுச் செலவுக்குத் தனி ரசீது இருக்கிறது.

தீர்ப்பெழுதிய கனவானின் வரிக்கணக்கையும் தேடி எடுத்தேன்.
அவருக்கு நூற்று நாற்பது ஆடு.
அவர் இறகுப்பேனாவை மையில் தோய்த்த நேரம்
சன்னலுக்கு வெளியே
இயற்கை மேய்ந்துகொண்டிருந்தது.

ஆனாலும் கடாவைச் சாட்சிக்கூண்டில் ஏற்ற மாட்டேன்.
அது பெற்ற குட்டியையே மிதித்துக் கொல்லும்,
அதுவும் இயற்கைதான்.
பழைய ராஜாக்களையும் கூப்பிட மாட்டேன்,
களிமண் ஏட்டிலும் கல்லறைச் சுவரிலும்
கைகோத்து நிற்கும் யாரையும்.
ஈப்பவுக்கு இவர்கள் ஒருவரையும் தெரியாது.
அவனுக்குத் தெரிந்தது
படகு கரைதட்டும் சத்தம்.

தேவாலயப் பதிவேட்டில் அவன் அக்காள் இருக்கிறாள்,
ட்ரைன்ச, ஒன்பது பிள்ளை பெற்றவள்.
விறகு எரிந்த மறு வருடம்
ஐந்தாவது பிள்ளைக்கு ஞானஸ்நானம்.
பெயர் என்ற இடத்தில்
போதகரின் பேனா தயங்கியிருக்கிறது,
கொழுத்த ஒரு மைச்சொட்டு,
அதன் பக்கத்தில்: ஈப்ப.
இதை ஹார்மெனிடம் சொன்னேன்.
"இருக்கலாம்" என்று அவன் சொல்லவில்லை.
தட்டுகளைக் கழுவப் போனான்,
வெகுநேரம் கழுவினான்.

செவ்வாயன்று கசாப்புக்காரர் வருவதாக இருந்தது.
"இந்த வருடம் வேண்டாம், வேலி சரியில்லை"
என்று தொலைபேசியில் சொன்னான் ஹார்மென்.
வேலிக்கும் கடாவுக்கும் என்ன சம்பந்தம் என்று
அவரும் கேட்கவில்லை போலும்.

வாரைக் கழற்றும்போது நான்தான் கொம்பைப் பிடித்துக்கொண்டேன்.
சாயம் நகக்கண்ணில் ஏறிவிட்டது.
சோப்பு, எலுமிச்சை, மண்ணெண்ணெய், எதற்கும் போகவில்லை.
திங்கட்கிழமை காப்பக வாசலில்
மேற்பார்வையாளர் என் கையைப் பார்த்தார்.
"பேனா கசிந்ததா?"
"இல்லை, கடா" என்றேன்.
கையுறையை நீட்டினார்.
போட்டுக்கொண்டு
விட்ட பக்கத்தைத் திறந்தேன்.