ஒன்பதாம் பதிப்பு

திரையின் மூலையில் மறுபடியும் அந்தச் சின்னப் பெட்டி:
பன்னிரண்டாம் பதிப்பு தயார்.
பாதி விலை. வியாழன் நள்ளிரவோடு சரி.
'பிறகு நினைவூட்டு' என்பதை அழுத்துகிறேன்.
நான்கு வருடமாக அழுத்தி அழுத்தி
விரலுக்கு அந்த இடம் இருட்டிலும் தெரியும்.

ஷார்ஜா, அல் நஹ்தா, நாலாவது மாடி.
அலமாரிக்குள் இரண்டு கம்பளி தொங்கவிட்டு
நடுவில் ஒரு மைக்.
பகலெல்லாம் ஊராருக்கு ஏசி ஓடவைத்துவிட்டு
இரவில் என்னுடையதை நிறுத்துகிறவன் நான்.
நிறுத்தினால்தான் பதிவு.
ஆகஸ்டில் ஒரு டேக் என்பது
மூன்று நிமிடம், அரை லிட்டர் வியர்வை.

என்னிடம் இருப்பது ஒன்பது.
இருபத்துநாலாவது தடத்தைச் சேர்த்தால் உறைந்துபோகும்.
பெயரில் தமிழெழுத்து இருந்தால் ஃபைலே திறக்காது,
அதனால் இந்தப் பாட்டுக்குப் பெயர் வெறும் ஏழு.
ஆனாலும் பக்கத்து அறை ஏசியின் முனகலை
அது மனப்பாடமாக வைத்திருக்கிறது.
அந்த முனகலைக் கழிக்க ஒரு பழைய பிளக்இன்;
செய்தவன் கடையை மூடிவிட்டுப் போய்விட்டான்.
பன்னிரண்டில் அது வேலை செய்யாது என்கிறான்
ரோலாவில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் செல்லத்துரை.
"பாட்டு முடியட்டும்யா. பாதியில கைய வச்சா
ஆத்துல ஒரு காலு, சேத்துல ஒரு காலு."

பாட்டு முடியவில்லை. பதினாலு மாதமாக.
பாடியவள் பிரிசில்லா.
நைட் டியூட்டிக்குப் போகிற வழியில்
யூனிஃபார்மோடு வந்து அலமாரிக்குள் நின்று பாடுவாள்.
போன மார்ச்சில் டப்ளினுக்குப் போய்விட்டாள்.
இரண்டாம் சரணத்தில் ஒரு வார்த்தை பிசிறு.
பாட்டு ஏன் முடியவில்லை என்றால் பழைய பதிப்பு.
பதிப்பை ஏன் மாற்றவில்லை என்றால் முடியாத பாட்டு.
இரண்டும் ஒன்றையொன்று கை காட்டிவிட்டு
சும்மா இருக்கின்றன, என்னைப் போலவே.

இந்த ஊரில் எனக்கு எல்லாவற்றுக்கும் ஒரு தேதி உண்டு.
விசா, வாடகை ஒப்பந்தம், வண்டி லைசென்ஸ்,
பர்ஸில் அட்டைக்குள் சிரிக்காத என் முகம்.
காலாவதி ஆகாதது இந்த ஒன்பது மட்டும்
என்று ஒருநாள் பெருமையாக நினைத்தேன்.
அன்று இரவு அது மூன்று முறை உறைந்தது.

வியாழன் நள்ளிரவு தாண்டியது. பெட்டி போகவில்லை.
கம்பெனி இருக்கிற ஊரில் நள்ளிரவு என்றால்
நமக்கு வெள்ளி காலை பதினொன்று.

வெள்ளி. அவசர அழைப்பு. முவைலாவில் ஒரு மொட்டை மாடி.
அவுட்டோர் யூனிட்டைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும்.
குடியிருப்பவர் பின்னாலேயே நின்று
"நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஓடிச்சு" என்றார்.
எல்லா வீட்டிலும் இதையேதான் சொல்வார்கள்.
நானும் எல்லா வீட்டிலும் சொல்வதையே சொன்னேன்:
"ஏப்ரல்லயே கூப்பிட்டிருந்தா ஒரு கெபாசிட்டரோட போயிருக்கும் சார்.
நிறுத்தி வைக்கிற மாசத்துல மாத்தணும்,
நின்னுபோன மாசத்துல இல்ல."
சொன்ன வாயை அப்படியே மூடிக்கொண்டேன்.

பத்து நாற்பத்தைந்து. கையுறையைக் கழற்றிவிட்டு
தண்ணீர்த் தொட்டியின் நிழலில் குந்தி
இருநூற்றுப் பதினெட்டு திர்ஹம் கட்டினேன்.
ஊருக்கு அனுப்புவதில் அந்த அளவு குறையும்;
ரேட் ஏறியிருக்கிறது, தெரியாது என்று எனக்கே சொன்னேன்.
சாவி எண் மெயிலில் வந்து விழுந்தது.
வாங்குவது வேறு, மாட்டுவது வேறு.
வண்டியில் ஒரு ஃபேன் மோட்டார் பெட்டி பிரிக்காமல் கிடக்கிறது,
அதுபோல இதுவும் கிடக்கட்டும், பாட்டு முடிகிறவரை.

அன்றிரவு பதிவில்லை. ஏசியை ஓடவிட்டே ஒன்பதைத் திறந்தேன்.
பிளக்இன்களை எல்லாம் அணைத்துவிட்டு
தடம் தடமாக, பூச்சியத்திலிருந்து,
வெறும் ஒலியாக வெளியே எடுத்தேன்.
எந்தப் பதிப்பும் மறுக்க முடியாத வெறும் ஒலி.

நாலாவது தடத்தின் கடைசியில்
பக்கத்து அறை முனகலுக்கு நடுவில் பிரிசில்லா:
"முடிஞ்சிச்சா? ஃபேனையாவது போடுங்கண்ணே."
அந்தப் பிசிறு வார்த்தையை மூன்று முறை கேட்டேன்.
அவ்வளவு பிசிறில்லை.

பதினேழில் பதினொன்று ஏறிவிட்டது.
பன்னிரண்டாவதை அழுத்தினேன்.
உறைந்தது.
சரி என்று டீ போடப் போனேன்.