சாலெப் வாங்குபவன்

பத்தொன்பது ஆண்டுகளாக எடை போட்டு வாங்குகிறேன்,
மோரில் வேகவைத்து நூலில் கோத்து
வெயிலில் கல்லாய் இறுகிய கிழங்குகளை.
கஸ்தமோனுச் சந்தையில்
என் தராசுக்கு நல்ல பெயர்.
பூவைத்தான் பார்த்ததில்லை.

மே மாதம், இல்காஸ் ஏற்றத்தில்
ரேடியேட்டர் கொதித்து வண்டி நின்றுவிட்டது.
தண்ணீர் தேடி இறங்கினேன்.
பைன் மரங்கள் முடியும் இடத்தில்
கணுக்கால் உயரத்துக்கு ஏதோ ஊதாப் பூ,
இதழில் சிவப்பு மை சிந்தினாற்போல் புள்ளிகள்.
ஒன்றைக் கிள்ளிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டேன்.

மேலே, இரும்புக் குச்சியோடு
குந்தியிருந்த ஸெகியே சிரித்தாள்:
"ருஷ்து, உன் சரக்கை நீயே சூடிக்கொண்டாயா?"

அகழ்ந்து காட்டினாள். தண்டின் அடியில் இரண்டு.
ஒன்று வற்றிச் சுருங்கி,
இந்தப் பூவுக்கே செலவாகிப் போனது.
மற்றது வெளுத்துக் கொழுத்து:
அடுத்த ஆண்டு.
அதை மடியில் போட்டுக்கொண்டாள்.
சுருங்கியதைக் குழியில் வைத்துக்
குதிகாலால் மண்ணை அமுக்கினாள்.

"முளைக்குமா?"
"முளைத்துப் பார்த்ததில்லை.
வைக்காமல் போனதுமில்லை."

ஜூலையில் அவள் கொண்டுவந்த சரம்
முந்நூறு கிராம்.
போன வருடம் இதே நீளத்துக்கு நானூறு.
கதவைச் சாத்திவிட்டு
ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினேன்,
ஓர் அடுத்த ஆண்டு,
இன்னோர் அடுத்த ஆண்டு,
நூற்றுப் பன்னிரண்டில் தொலைபேசி.

இஸ்தான்புல் ஐஸ்கிரீம்காரர்.
அங்கே புழுக்கம் தாங்கவில்லையாம்.
சரக்கு எப்போது வரும் என்றார்.

வியாழக்கிழமை என்றேன்.