மீசை உண்டா?

செவ்வாய்க்கிழமை இரவு ஒன்பதுக்கு
ஐந்து பேர் திரையில் கூடுவோம்.
ஒருவர் ஒரு பிரபலத்தை மனதில் ஒளித்துக்கொள்வார்.
மற்றவர்களுக்கு இருபது கேள்வி.
ஆம், இல்லை.
அதற்குமேல் ஒரு சொல் கூடாது.

படம் கிடையாது, குரல் கிடையாது,
சொந்தப் பெயரும் கிடையாது.
நார்வாவில் சைக்கிள்மணி.
ஹாப்சலுவில் ஈரக்காலுறை.
ஊர் எதுவென்றே சொல்லாத பழைய பூட்டு.
குரெசாரேயிலிருந்து, கடல் தாண்டி, கெட்டில்.
தார்த்துவில் நான், பல்வலிக்கரடி.

கெட்டிலின் முதல் கேள்வி என்றும் ஒன்றுதான்:
மீசை உண்டா?
ஆம் என்றால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாதி
வலைக்குள் வந்துவிடும் என்று கணக்கு.
பிறகு,
பணத்தாளில் முகம் உண்டா,
சிலைமேல் புறா உட்காருமா,
நாய் வளர்த்தாரா, கடனோடு செத்தாரா.
ஒன்பதாவது கேள்விக்குள் ஆளைப் பிடித்துவிடுவார்.
ஒரு செஸ் ஆட்டக்காரரை நான் நினைத்த அன்று மட்டும்
பன்னிரண்டு ஆனது.
மறுநாள் எனக்கு நானே கேக் வாங்கித் தின்றேன்.

பகலில் நான் பல் செய்கிறேன்.
அச்சு வரும், பெட்டியில் எண் இருக்கும்.
தூக்கத்தில் பல்லைக் கடிப்பவர்,
பைப் புகைப்பவர்,
ஒருபக்கமாகவே மெல்லுகிறவர்,
தாடையைப் பார்த்துச் சொல்லிவிடுவேன்.
முகம் மட்டும் பெட்டியில் வராது.

பிப்ரவரியில் கெட்டில் எழுதினார்:
உன் ஊரில் ஒருவரிடம் படகு மோட்டார் வாங்க வருகிறேன்.
பழையதுதான், விலை படிந்துவிட்டது.
பஸ் இரண்டு இருபதுக்கு.
அடையாளம் சொல்லமாட்டேன், கண்டுபிடி.

ஆற்றோரம் பனி அழுக்காகிக் கிடந்தது.
முப்பது பேர் இறங்கினார்கள், முப்பது கம்பளித் தொப்பி.
உயிரோடு இருக்கிறாரா? ஆம்.
அடுத்த கேள்வியிலேயே மாட்டிக்கொண்டேன்.
ஆணா, பெண்ணா?

மூன்று வருஷத்தில் ஐந்நூறு செத்தவர்களைப் பற்றிக்
கேட்டிருக்கிறோம் இதை.
கெட்டிலைப் பற்றி ஒருமுறைகூட இல்லை.
கேட்கத் தேவையே வராத மொழி எங்களுடையது.
அவன் என்றும் இல்லை அதில், அவள் என்றும் இல்லை,
எல்லாருக்கும் ஒரே சொல்: தா.
அந்தச் சின்னச் சொல்லுக்குள்
இத்தனை நாளும் சௌகரியமாகக் குடியிருந்திருக்கிறார்.

படகுக்காரர் நடை என்று நானே முடிவுசெய்த ஒரு நடை,
அதற்குமேல் புதர் மாதிரி மீசை.
ஓடிப்போய், கெட்டிலா? என்றேன்.
அவர் பையைக் கீழே வைத்து யோசித்தார்.
டீ வேண்டுமானால் உள்ளே கிடைக்கும், என்று
கை காட்டினார்.

கூட்டம் கரைந்தது.
டிரைவர் இறங்கி சிகரெட் பற்றவைத்தார்.
டிரைவரையும் சந்தேகப்பட்டேன்.
முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்:
கரடி. எனக்கு நாலே கேள்விதான் ஆனது.

எப்படி?

வழுக்கும் என்று எல்லாரும் தரையைப் பார்த்து நடக்கிறார்கள்.
நீ ஒருத்திதான்
வருகிறவர் போகிறவர் வாயையெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்கிறாய்.

மோட்டாரைப் போர்வையில் சுற்றி
இரண்டு பேருமாகத் தூக்கி வந்தோம்.
அது கனத்த கனத்தில் பேச்சே எழவில்லை.
நல்லதாகப் போயிற்று, முதல் அரைமணி நேரத்துக்கு
என்னிடம் பேச ஒன்றும் இல்லை.

நிலையத்துக் கடையில் என் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன்.
வேண்டாம், செவ்வாய்க்கிழமை கெட்டுப்போகும்,
என்றார் கெட்டில்.
சிரித்தபோது கீழ்வரிசையில் ஒரு பல் திரும்பி நின்றது.
அச்சு எடுத்தால் எங்கே தேய்ந்திருக்கும் என்று
எனக்குத் தெரியும்.
சொல்லவில்லை.

போன் துள்ளியது.
பார்த்துவிட்டாயா? யார்? யார்? என்று சைக்கிள்மணி.
விதிப்படி கேள், என்று பழைய பூட்டு.
ஈரக்காலுறை முந்திக்கொண்டது:
மீசை உண்டா?

நிமிர்ந்தேன்.
எதிரே கெட்டில்
கெஃபிரை ஒரே மூச்சில் குடித்துத் தம்ளரை வைத்தார்.
மேலுதட்டில் வெள்ளையாக ஒரு கோடு.

ஆம், என்று தட்டினேன்.